ஏன் விலகினாய்?: ஒரு பிரிட்டிஷ் உளவுத் தொடரும் திருவனந்தபுரத்து உளவு வழக்கும்

ஒருவன் திறந்த காரை வேகமாக ஓட்டிக்கொண்டு லண்டனுக்குள் வருகிறான். சுரங்க வழி ஒன்றில் இறங்கி, நீண்ட நடைகூடத்தைக் கடந்து, ஓர் அதிகாரியின் மேசைமேல் கடிதத்தை ஓங்கி வைத்துவிட்டுத் திரும்புகிறான். வீட்டில் பெட்டி கட்டும்போது சாவித்துளை வழியாக வாயு பரவுகிறது. கண் விழிக்கும் இடம், பெயரில்லாத ஒரு கடலோரக் கிராமம். அங்கே எல்லோருக்கும் எண்கள்தான். இவன் ஆறாம் எண். அவனிடம் அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: ஏன் வேலையை விட்டு விலகினாய்?

1967 செப்டம்பர் 29 அன்று பிரிட்டனில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'தி ப்ரிசனர்' இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பதினேழே பகுதிகள். 1968 பிப்ரவரியில் முடிந்துபோனது. ஆனால் அதன் ரசிகர்கள் இன்றும் ஓயவில்லை. தொடர் படமாக்கப்பட்ட வடக்கு வேல்ஸின் போர்ட்மேரியனில் கூடுகிறார்கள். கட்டடக் கலைஞர் கிளஃப் வில்லியம்ஸ் எல்லிஸ் 1925 முதல் ஐம்பது ஆண்டுக் காலம் தன் விருப்பப்படி கட்டியெழுப்பிய ஊர் அது. 1977-இல் 'சிக்ஸ் ஆஃப் ஒன்' என்ற ரசிகர் சங்கமே உருவானது. 2009-இல் ஆறு பகுதிகளாக ஒரு மறு ஆக்கம் வந்தபோது, பழையதோடு ஒவ்வொரு காட்சியாக வைத்து ஒப்பிட்டார்கள். பதினேழு பகுதிகளையும் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பது இன்னும் தீராத விவாதம். ஆறாம் எண் என்பவன், அவனாக நடித்த பேட்ரிக் மக்கூகன் முன்னர் நடித்த 'டேஞ்சர் மேன்' தொடரின் ஒற்றன் ஜான் டிரேக்தானா என்பது இன்னொன்று. ஆமாம் என்றார் திரைக்கதைப் பொறுப்பாளர் ஜார்ஜ் மார்க்ஸ்டைன். இல்லை என்றார் மக்கூகன். இருவரும் இறந்த பிறகும் வழக்கு நடக்கிறது.

இந்தத் தொடரைத் திருவனந்தபுரத்தோடு சேர்த்துப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 1994 நவம்பரில் அந்த நகரத்தில், வேலையிலிருந்து விலக விருப்பம் தெரிவித்திருந்த ஒரு ராக்கெட் பொறியாளர் உளவாளி என்று கைது செய்யப்பட்டார். அவருடைய விருப்ப ஓய்வு விண்ணப்பமும் சந்தேகத்துக்குரிய தடயமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தத் தொடர் கற்பனையில் கேட்ட கேள்வியை, இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, கேரளத்தின் விசாரணை அறைகளில் நிஜமான மனிதர்கள் நிஜமான மனிதரிடம் கேட்டார்கள்.

1967-இல் திருவனந்தபுரத்தில் தொலைக்காட்சி கிடையாது. தூர்தர்ஷன் அங்கே வந்தது 1982-இல்தான். ஆனால் பிரிட்டனில் ஆறாம் எண் திரையில் சிறைப்பட்டிருந்த அதே வாரங்களில், 1967 நவம்பர் 20 அன்று, நகரத்தை ஒட்டிய தும்பாவிலிருந்து இந்தியாவிலேயே செய்த முதல் சிறிய ஆய்வு ராக்கெட்டான ரோகிணி 75 பறந்தது. நாகர்கோவிலில் 1941-இல் பிறந்த அந்தப் பொறியாளர் நம்பி நாராயணன் அதற்கு முந்தைய ஆண்டு தும்பாவில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பிறகு பிரின்ஸ்டனில் திரவ எரிபொருள் இயந்திரங்களைப் படித்துவிட்டுத் திரும்பினார். திட எரிபொருளையே நம்பியிருந்த நிறுவனத்தில், திரவ எரிபொருள்தான் எதிர்காலம் என்று விடாமல் வாதிட்டவர் அவர்.

வழக்கின் மையத்தில் இருந்த 'திருடப்பட்ட ரகசியம்' என்ன என்பது இங்கே முக்கியம். 1974-இல் இஸ்ரோ பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. வைக்கிங் என்ற இயந்திரத்தின் தொழில்நுட்பத்தை அவர்கள் தருவார்கள். பதிலுக்கு நம் பொறியாளர்கள் அங்கே போய் மொத்தம் நூறு மனித ஆண்டுகள் உழைத்துக் கொடுப்பார்கள். பணம் கைமாறவில்லை, உழைப்பு கைமாறியது. அப்படிப் போன குழுவுக்கு வெர்னோனில் தலைமை தாங்கியவர் நம்பி நாராயணன். வரைபடங்கள் முழுவதும் முறைப்படி கையில் கிடைத்தும், செய்தவர்களின் பக்கத்திலேயே நின்று கற்றும், அந்த இயந்திரத்தின் இந்திய வடிவமான விகாஸ் சோதனை மேடை ஏற 1985 ஆயிற்று. பத்து ஆண்டுகளுக்கு மேல். ஒரு ராக்கெட் இயந்திரம் வரைபடத்தில் இல்லை. உலோகக் கலவையில், பற்றவைப்பில், பொருத்துபவரின் கைப்பழக்கத்தில், நூறு தோல்விகளின் பதிவேட்டில் இருக்கிறது. சூட்கேசில் வைத்து எடுத்துப்போகக்கூடிய ரகசியம் என்பது திரைக்கதைக்கு வசதியான பொருள். பட்டறையில் அப்படி ஒன்று இல்லை.

கிரையோஜெனிக் கதை இன்னும் தெளிவானது. மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனையும் மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜனையும் கையாளும் அந்தத் தொழில்நுட்பத்துக்காக, 1991-இல் சோவியத் ரஷ்யாவின் கிளாவ்காஸ்மோஸ் நிறுவனத்தோடு சுமார் 235 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமானது. 1992 மே மாதம் அமெரிக்கா இரு தரப்பின்மீதும் தடை விதித்தது. 1993-இல் ரஷ்யா பின்வாங்கியது. இயந்திரங்களைத் தருவோம், தொழில்நுட்பத்தைத் தரமாட்டோம் என்றது. ஆகவே 1994-இல் விற்பதற்கு இந்தியாவிடம் கிரையோஜெனிக் தொழில்நுட்பமே இல்லை. சொந்த இயந்திரத்தோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகப் பறந்த நாள் 2014 ஜனவரி 5. கையில் இல்லாத பொருளைத் திருடி விற்றதாக ஒரு வழக்கு, அதை நம்பிப் படித்த ஒரு மாநிலம். இதுதான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம்.

இனி 1994-இன் இறுதி மாதங்களின் நாட்காட்டி. 1994 அக்டோபர் 15 அன்று பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாவது பயணம் முழு வெற்றி பெற்றது. அதன் இரண்டாம் கட்டத்தில் இருந்தது விகாஸ். சரியாக ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 20 அன்று, மறியம் ரஷீதா என்ற மாலத்தீவுப் பெண் திருவனந்தபுரத்தில் கைது செய்யப்பட்டார். குற்றம், விசாக் காலத்தைத் தாண்டித் தங்கியது. சூரத்தில் பிளேக் பரவிய பீதியில் விமானங்கள் ரத்தான சமயம் அது. ஊர் திரும்ப முடியாமல் விசா நீட்டிப்புக்காகக் காவல்துறையை அணுகியவர் அவர். அங்கே ஓர் அதிகாரி தன்னிடம் தவறாக நடக்க முயன்றார், மறுத்ததால்தான் எல்லாம் தொடங்கியது என்று அவர் பின்னாளில் குற்றம் சாட்டினார். அவர் தங்கியிருந்த சாம்ராட் ஓட்டலின் தொலைபேசிப் பதிவில் சசிகுமாரன் என்ற இஸ்ரோ விஞ்ஞானியின் எண் இருந்தது. நவம்பர் 13 அன்று அலுவலக ரகசியச் சட்டத்தின்கீழ் இரண்டாவது வழக்கு பதிவானது. மறியத்தின் தோழி பௌசியா ஹசன், கிளாவ்காஸ்மோஸின் பிரதிநிதியாக இருந்த கே. சந்திரசேகர், பெங்களூர் ஒப்பந்தக்காரர் எஸ்.கே. சர்மா, சசிகுமாரன் என்று கைதுகள் தொடர்ந்தன. நவம்பர் 30 அன்று நம்பி நாராயணன்.

பௌசியா இந்தியாவுக்கு வந்த காரணம் மகளின் பள்ளிப்படிப்பு. பத்திரிகைகள் எழுதிய காரணம் வேறு. விஞ்ஞானிகளை மயக்க அனுப்பப்பட்ட அழகிகள், பாகிஸ்தானுக்குப் போகும் வரைபடங்கள், டாலர் கட்டுகள், ரகசியச் சந்திப்புகள் என்று மலையாள நாளிதழ்களின் முதல் பக்கங்களில் வாரக்கணக்கில் ஒரு தொடர்கதை ஓடியது. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் திருப்பத்தை மிஞ்ச வேண்டியிருந்தது. அந்தப் பெண்களைப் பற்றி அச்சான வர்ணனைகள் சிலவற்றை இங்கே திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் நின்ற திருவனந்தபுரம் பத்திரிகையாளர் ஜெ. ராஜசேகரன் நாயர் 1998-இல் 'ஸ்பைஸ் ஃப்ரம் ஸ்பேஸ்' என்ற நூலில் இதையெல்லாம் ஆவணப்படுத்தினார். வழக்கைக் கட்டியவர்கள் யார் என்பதைப் போலவே, அதை யார் யார் படித்துப் பரவசமடைந்தார்கள் என்பதற்கும் அந்த நூல் ஒரு சாட்சி.

அந்தப் பரவசம் வெறுமையிலிருந்து வந்ததில்லை. 1971-இல் பிரேம் நசீரை வைத்து பி. வேணு எடுத்த 'சி.ஐ.டி. நசீர்' கேரளத்தில் துப்பறியும் படங்களுக்கு ஒரு பாதை போட்டது. தமிழில் ஜெய்சங்கரை 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்றே அழைத்தோம். 1986-இல் சுஜாதாவின் கதையில் வந்த 'விக்ரம்' படத்தில் கடத்தப்படுவது அக்னிபுத்ரா என்ற ஏவுகணை. சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972-இல் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழிலிருந்து வந்தவர். நாளடைவில் அவரும் ரகசிய உளவுப்படை ஒன்றின் ஆள்தான். 1984 ஜூலையில் ராணி காமிக்ஸ் தன் முதல் இதழை ஜேம்ஸ்பாண்டோடும், லயன் காமிக்ஸ் தன் முதல் இதழை மாடஸ்டி பிளைசியோடும் தொடங்கின. ஆகப் பிரிட்டிஷ் உளவுக் கதையின் இலக்கணம் இரண்டு தலைமுறையாக நம் வாசிப்பில் ஊறியிருக்கிறது. அந்தப் புத்தகங்களின்மீது எனக்கு நன்றி உண்டு. வாசிக்கக் கற்றுக்கொடுத்தவை அவை. அவற்றின் இலக்கணம் புனைவின் எல்லைக்குள் இருக்கும்வரை யாருக்கும் கேடில்லை.

அந்த இலக்கணத்தின் முதல் விதி: அர்த்தமில்லாதது என்று எதுவும் கிடையாது. கதாசிரியர் ஒரு நாட்குறிப்பைக் காட்டினால் அதில் சங்கேதம் இருக்கும். ஓர் ஓட்டலின் பெயர் வந்தால் அங்கே சந்திப்பு நடக்கும். ஒரு பெண் வந்தால் அவள் அனுப்பப்பட்டவள். வாழ்க்கையில் நாட்குறிப்பு என்பது நாட்குறிப்புதான். மறியம் ரஷீதாவின் நாட்குறிப்பு அவருடைய தாய்மொழியான திவேஹியில், வலமிருந்து இடமாக எழுதப்படும் தானா எழுத்தில் இருந்தது. விசாரித்தவர்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து; மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருந்தது. ஒரு தீவுப் பெண் தன் மொழியில் எழுதியிருந்தார் என்பதைத் தவிர அதில் விசித்திரம் எதுவுமில்லை.

'தி ப்ரிசனர்' தொடரில் இந்த நோயைப் பற்றியே ஒரு பகுதி இருக்கிறது என்பதுதான் என்னை மீண்டும் மீண்டும் அதனிடம் இழுக்கிறது. 'ஹேமர் இன்டு ஆன்வில்' என்பது அதன் பெயர். ரசிகர்கள் இதைச் சிறந்த பகுதிகளில் ஒன்றாக வைப்பார்கள், ஆனால் அதன் புத்திசாலித்தனத்துக்காக. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் தொடக்கம். கிராமத்தின் மருத்துவமனையில் ஒரு பெண்ணை, எழுபத்து மூன்றாம் எண்ணை, விசாரிக்கிறார்கள். கேள்வி அவளுடைய கணவனைப் பற்றி. விசாரிப்பவர், கிராமத்தின் அப்போதைய தலைவரான இரண்டாம் எண். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் பேட்ரிக் கார்கில். தாங்க முடியாமல் அவள் சன்னல் வழியாகக் குதித்து இறந்துபோகிறாள். அந்தச் சாவுக்குப் பழிவாங்க ஆறாம் எண் முடிவு செய்கிறான்.

அவன் ஆயுதம் எடுப்பதில்லை. அர்த்தமற்ற காரியங்களைச் செய்கிறான், அவ்வளவுதான். கடையில் ஒரே இசைத்தட்டின் பல பிரதிகளை வாங்கி ஒவ்வொன்றாகக் கேட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, எதையோ குறித்துக்கொள்கிறான். வெற்றுத் தாள்களைக் கொண்டுபோய் ஒளித்து வைக்கிறான். இரண்டாம் எண் அந்தத் தாள்களை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இவை வெற்றுத் தாள்கள் என்று ஆய்வுக்கூடத்து ஆள் சொல்கிறான். அப்படியானால் நீயும் அவர்களோடு சேர்ந்தவனா என்ற சந்தேகம் அவன்மீதே பாய்கிறது. வாசலில் ஒரு கூவும் கடிகாரத்தை வைத்துவிட்டுப் போனால், அது குண்டு என்று ஆட்களைக் கூப்பிடுகிறார். படிப்படியாகத் தன்னைச் சுற்றியிருக்கும் எல்லோரையும் சந்தேகித்து, கடைசியில் தன்னைத் தானே மேலிடத்தில் புகார் செய்துகொண்டு சரிகிறார். உளவுத் தொடர் ஒன்று உளவு மனநிலையின் கழுத்தைப் பிடித்த தருணம் அது.

திருவனந்தபுரத்தில் வெற்றுத் தாள் இப்படிச் செயல்பட்டது. வலியமலையில் உள்ள திரவ இயக்க அமைப்பு மையத்திலிருந்து ஆவணம் எதுவும் காணாமல் போகவில்லை என்றது இஸ்ரோ. அதனால் சந்தேகம் குறையவில்லை. நகலெடுத்திருப்பார்கள் என்று பேச்சு வந்தது. வீட்டுச் சோதனையில் பெரும்பணமோ ரகசியக் காகிதமோ அகப்படவில்லை. எத்தனை தேர்ந்த ஒற்றர்கள் என்று அதற்கும் விளக்கம் கிடைத்தது. நம்பி நாராயணன் நவம்பர் தொடக்கத்தில் விருப்ப ஓய்வு கேட்டிருந்தது தப்பியோடும் முயற்சியாக வாசிக்கப்பட்டது. சாட்சியம் இல்லாமையே சாட்சியமாகிவிட்டால், அதன் பிறகு ஒரு மனிதன் தன்னை நிரூபிக்க எந்த வழியும் மிச்சமில்லை.

விசாரணை முறைகளிலும் ஒப்புமை திடுக்கிட வைக்கிறது. தொடரில் இரண்டாம் எண் வாராவாரம் மாறிக்கொண்டே இருப்பார். ஒருவர் மருந்து செலுத்திக் கனவைப் பார்ப்பார், ஒருவர் போலி நண்பனை அனுப்புவார், ஒருவர் அவனைப் போலவே இன்னொருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார். கேள்வி மட்டும் மாறாது. நம்பி நாராயணனை மாறி மாறி விசாரித்தவர்களில் பலர் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஏறத்தாழ முப்பது மணி நேரம் நிற்கவைத்தே விசாரித்தார்கள், அடித்தார்கள், மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவமனை என்று அவர் பின்னர் சொன்னார். பௌசியா ஹசன், மகளைக் காட்டி மிரட்டியதால்தான் தனக்கு அறிமுகமே இல்லாத விஞ்ஞானிகளின் பெயரைச் சொன்னதாகக் கூறினார். விசாரணையின் பகுதிகள் ஒளிப்பதிவும் செய்யப்பட்டன. ஐம்பது நாள் சிறைவாசத்துக்குப் பிறகு 1995 ஜனவரி 19 அன்று நம்பி நாராயணன் ஜாமீனில் வெளியே வந்தார்.

அதற்குள் கதை அரசியலில் புகுந்திருந்தது. முதலமைச்சர் கே. கருணாகரனுக்கு நெருக்கமானவராகக் கருதப்பட்ட ஒரு காவல்துறை உயரதிகாரியின் பெயரும் வழக்கில் இழுக்கப்பட்டது. காங்கிரசுக்குள்ளிருந்த எதிரணியும் எதிர்க்கட்சிகளும் அதைக் கையில் எடுத்தன. 1995 மார்ச்சில் கருணாகரன் பதவி விலகினார்.

1994 டிசம்பர் தொடக்கத்தில் வழக்கை ஏற்ற சி.பி.ஐ., குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக இடம், நாள், ஆள் என்று பொருத்திப் பார்த்தது. சென்னை ஓட்டல் ஒன்றில் 1994 ஜனவரியில் நடந்ததாகச் சொல்லப்பட்ட சந்திப்பு, வழக்கின் நடுநாயகமான காட்சி. அது நடக்கவே இல்லை என்று கண்டார்கள். 1996 ஏப்ரலில், குற்றச்சாட்டுகள் ஆதாரமற்றவை, பொய்யானவை என்று எர்ணாகுளம் தலைமை நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் அறிக்கை தாக்கலானது. மே 2 அன்று நீதிமன்றம் அதை ஏற்று எல்லோரையும் விடுவித்தது.

இங்கே மீண்டும் அந்தத் தொடரின் கடைசிப் பகுதி நினைவுக்கு வராமல் போகாது. பதினாறு வாரங்களாகப் பார்வையாளர்கள் காத்திருந்தது ஒரே விடைக்கு: யார் அந்த ஒன்றாம் எண்? முகமூடியை இழுத்தால் குரங்கு முகமூடி. அதையும் இழுத்தால் சிரிப்பது ஆறாம் எண்ணின் சொந்த முகம். கயவன் ஒருவன் வெளியே பிடிபடுவான் என்று எதிர்பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் கண்டனங்கள் குவிந்தன. மக்கூகன் சில காலம் கண்ணில் படாமல் இருக்க வேண்டியிருந்ததாகச் சொல்வார்.

கேரளமும் 1996-இல் அப்படித்தான் நடந்துகொண்டது. ஒற்றனே இல்லை என்ற முடிவை ஏற்க மனமில்லை. புதிதாக வந்த இ.கே. நாயனாரின் அரசு, ஜூன் மாதமே சி.பி.ஐ.க்கு அளித்த அனுமதியைத் திரும்பப் பெற்று, மாநிலக் காவல்துறையை வைத்தே மறுவிசாரணை நடத்த ஆணையிட்டது. 1998 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மேல்முறையீடு செய்தவர்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் செலவுத்தொகை தரச் சொன்னது. ஆட்சி மாறியும் கதை மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காங்கிரஸ் ஆட்சியில் பிறந்த வழக்கை இடதுசாரி ஆட்சி உயிர்ப்பிக்கப் பார்த்தது. கட்சிகளைவிட ஆழமான ஒரு பசி அங்கே வேலை செய்தது.

அந்தப் பசி இன்னும் தீரவில்லை. திசை மாறியிருக்கிறது, அவ்வளவே. இப்போது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், இந்தியாவின் கிரையோஜெனிக் திட்டத்தை முடக்க அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. பின்னிய வலை இது என்பது. 1992-இன் தடையை நினைத்தால் அந்தச் சந்தேகம் எழுவது இயல்பு; நம்பி நாராயணனே அதை எழுப்பியிருக்கிறார். ஆனால் அது எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. அமெரிக்காவுக்கு ஆதாயம் இருந்தது என்பதிலிருந்து அமெரிக்காதான் செய்தது என்று தாவுவது, நாட்குறிப்பிலிருந்து சதிக்குத் தாவிய அதே இலக்கணம். 2024-இல் சி.பி.ஐ. ஐந்து முன்னாள் அதிகாரிகள்மீது திருவனந்தபுரம் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. மறியத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்ததை நியாயப்படுத்தவே இந்த வழக்கு புனையப்பட்டது என்பது அதிலுள்ள குற்றச்சாட்டு. உண்மையா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். அது நிரூபணமானால், விண்வெளி யுகத்தின் மாபெரும் சதி என்று நாம் படித்தது, ஒரு காவல் அலுவலகத்தின் மேசையில், தனியாக வந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தியிடம் காட்டப்பட்ட அத்துமீறலில் தொடங்கியதாக ஆகும். பெரிய திரைக்கதைக்கு அது போதாது. ஒரு வாழ்க்கையை அழிக்க அது போதும்.

நீதி மெதுவாக வந்தது. 2001-இல் தேசிய மனித உரிமை ஆணையம் நம்பி நாராயணனுக்கு 10 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. அதைப் பெறவே அவர் உயர் நீதிமன்றம்வரை போராட வேண்டியிருந்தது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், அவருடைய கைது தேவையற்றது என்று கூறி 50 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. தவறு செய்த அதிகாரிகளைக் கண்டறிய நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் குழு அமைத்தது. தீர்ப்பு வந்த நேரத்தில் சந்திரசேகர் பெங்களூரில் நினைவிழந்து கிடந்தார். விடுதலைக்குப் பின் இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்த அவர் அந்தத் தீர்ப்பைக் கேட்காமலேயே சில நாட்களில் இறந்துபோனார். 2019-இல் நம்பி நாராயணனுக்குப் பத்ம பூஷண் வழங்கப்பட்டது. 2020-இல் கேரள அரசு மேலும் 1.3 கோடி ரூபாய் கொடுத்தது.

2022 ஜூலையில் வந்த மாதவனின் 'ராக்கெட்ரி' அவருடைய பெயரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. சிறந்த படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. படத்தின் சட்டகமே ஒரு தொலைக்காட்சி நேர்காணல். தமிழ் வடிவத்தில் கேள்வி கேட்பவராகச் சூர்யா வருகிறார். இறுதியில் நிஜமான நம்பி நாராயணனே அந்த நாற்காலியில் வந்து அமர்கிறார். கேள்வி கேட்பவன் பதில் சொல்பவனிடம் மன்னிப்புக் கேட்கும் அந்தக் காட்சியை நான் மதிக்கிறேன். விசாரணை அறையின் நாற்காலியை அது திருப்பிப் போட்டது. எனினும் அது ஒரு மனிதரின் மேன்மையைச் சொல்லும் படம். பிரின்ஸ்டனும் வெர்னோனும் விகாஸும் இருப்பதால் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. எந்தச் சாதனையும் இல்லாத ஒருவருக்கு அதே அநீதி நடந்தால் நாம் என்ன உணர்வோம் என்ற கேள்வியை அது தொடவில்லை.

ஆறாம் எண்ணின் ரசிகர்களிடமும் இதே குறை உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவன் ஏன் விலகினான் என்று விவாதிக்கிறார்கள். எழுபத்து மூன்றாம் எண் பெண்ணின் பெயர் என்ன, அவளுக்கு என்ன ஆனது என்று கேட்பவர்கள் குறைவு. அவளுடைய சாவு கதாநாயகனின் கோபத்துக்கு ஒரு காரணம்; அந்த வேலை முடிந்ததும் கதை அவளை மறந்துவிடுகிறது. உளவுத் தொடர்களில் பெண்கள் பெரும்பாலும் வலையாகவோ பலியாகவோதான் வருகிறார்கள். திருவனந்தபுரம் தன் தொடர்கதையில் மறியத்தையும் பௌசியாவையும் முதலில் வலையாக்கியது, பிறகு மறந்தது.

1996-இல் நீதிமன்றம் விடுவித்த பிறகும் மறியம் ரஷீதா வீடு திரும்ப முடியவில்லை. தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அடைத்து வைக்கப்பட்டார். இரு பெண்களும் கேரளச் சிறைகளில் கழித்தது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். நம்பி நாராயணனின் ஐம்பது நாட்களோடு அதை வைத்துப் பாருங்கள். பௌசியா மாலத்தீவுக்குத் திரும்பி, திரைப்படத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்தார். அந்நாட்டுத் திரைப்படங்களில் அம்மா, அத்தை வேடங்களில் பலரும் அறிந்த நடிகையானார். தனக்கும் இழப்பீடு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். 2022 ஆகஸ்ட் 31 அன்று கொழும்பில் இறந்தார். 2018-இன் தீர்ப்பும் 2020-இன் தொகையும் நம்பி நாராயணனுக்கானவை. அவர் போராடிப் பெற்றவை, அவருக்கு உரியவை. மறியம் ரஷீதாவுக்கும் பௌசியா ஹசனின் குடும்பத்துக்கும் கேரள அரசு தானாக முன்வந்து இழப்பீடு வழங்க வேண்டும். சட்டமன்றத்தில் அவர்கள் பெயரைச் சொல்லி வருத்தம் தெரிவிக்க வேண்டும். அந்த மாதங்களின் முதல் பக்கங்களை அச்சிட்ட பத்திரிகைகள், அன்று எழுதியது தவறு என்று அதே முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும்.